ரத்தத்தைச் சரியாகப் படித்தவர்களுக்கு நன்றி

பெரம்பூர், சென்னை.

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் எங்கள் வீட்டுக்காரருக்கு 35-வது ஊசி முடிந்தது. 2023 அக்டோபரில் தொடங்கியது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை, நுரையீரல் புற்றுநோய்க்கான பெம்ப்ரோலிசுமாப் மருந்து 200 மில்லிகிராம், அரை மணி நேரம் ஏறும். "இதோட போதும், இனிமே ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிட்டே இருப்போம்" என்று டாக்டர் மேடம் சொன்னபோது அவர் வழக்கம்போலத் தலையை மட்டும் ஆட்டினார். வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டார். கல்யாணமாகி 41 வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது இது இரண்டாவது முறை. முதல் முறை அவர் அழுத ராத்திரியிலிருந்து எங்களை மீட்டவர்களுக்குத்தான் இந்த மடல்.

உங்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள். அதனால் நாங்கள் கூப்பிடுகிற முறையிலேயே எழுதுகிறேன். படித்தால் யார் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

இருமலில் ஆரம்பித்த கதையை நீட்டவில்லை. சளியில் கிருமி தெரியாமலேயே ஓர் இடத்தில் நான்கு மாதம் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். எடை 9 கிலோ குறைந்த பிறகுதான் சி.டி. ஸ்கேன், அதன் பின் பயாப்ஸி. இடது நுரையீரலில் 4.6 சென்டிமீட்டர் கட்டி, நான்காம் நிலை. அந்த நான்கு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் இது அதற்கான மடல் இல்லை.

அவருடைய கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்ற மரபணு மாற்றங்கள் எதுவும் இல்லை. கட்டியின் செல்களில் பி.டி.எல்-1 என்ற புரதம் 60 சதவீதம் இருந்தது. நோயோடு சண்டை போடும் நம் உடம்பின் டி செல்கள் மீது பி.டி-1 என்று ஒரு பிரேக் இருக்கிறது. புற்றுநோய்ச் செல் தன்னிடமுள்ள பி.டி.எல்-1-ஐ வைத்து அந்தப் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. இந்த மருந்து அந்தப் பிடியை விடுவிக்கிறது. அந்தப் புரதம் 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் கீமோ இல்லாமல் இம்யூனோதெரபி, அதாவது இப்படி எதிர்ப்புச் சக்தியை விழிக்க வைக்கும் மருந்து மட்டுமே கொடுத்துப் பார்க்கலாம் என்றார் மேடம். சிகிச்சைக்கு முன் எல்லா ரத்தப் பரிசோதனையும் எடுத்து வரச் சொன்னார். வீட்டுப் பக்கத்திலேயே ஒரு லேபில் எடுத்தோம்.

நான் மாநகராட்சிப் பள்ளியில் 30 வருஷம் கணக்கு நடத்தியவள். எண்ணைக் கண்டால் வகுத்துப் பார்க்காமல் இருக்க மாட்டேன். ரிப்போர்ட் வந்த அன்று இரவு மகன் போனில் தேடித் தேடி, நுரையீரல் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி எடுப்பவர்களுக்கு ரத்தத்தை வைத்துப் போடும் ஒரு கணக்கைக் கண்டுபிடித்தான். லிபி என்று அதற்குப் பெயர். பிரான்ஸில் குஸ்தாவ் ரூஸி மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2018-ல் வெளியிட்டது. இரண்டே இரண்டு விஷயம்தான். மொத்த வெள்ளணுவிலிருந்து அதில் ஒரு வகையான நியூட்ரோஃபிலைக் கழித்து, மிச்சத்தால் நியூட்ரோஃபிலை வகுக்க வேண்டும். விடை 3-க்கு மேல் போனால் ஒரு புள்ளி. எல்.டி.ஹெச். என்ற நொதி சாதாரண அளவைத் தாண்டினால் இன்னொரு புள்ளி. புள்ளியே இல்லையென்றால் நல்லது, இரண்டும் இருந்தால் மோசம்.

நான் நோட்டில் போட்டேன். வெள்ளணு 12,000. நியூட்ரோஃபில் 80 சதவீதம், அதாவது 9,600. மிச்சம் 2,400. வகுத்தால் 4. எல்.டி.ஹெச். 512, 250 வரைதான் இருக்கலாம். இரண்டு புள்ளி.

அந்த ஆய்வில் புள்ளி இல்லாதவர்களில் பாதிப் பேர் 34 மாதம் தாண்டியிருந்தார்கள். ஒரு புள்ளிக்காரர்களுக்கு அது 10 மாதம். இரண்டு புள்ளி என்றால் 3 மாதம். மகன் மெதுவாகத்தான் படித்தான். கூடத்தில் படுத்திருந்தவர் தூங்கிவிட்டார் என்று நினைத்தோம். தூங்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். "பணத்தைக் கரைக்காதீங்க, விட்ருங்க" என்றார். விடியும் வரை வீட்டில் யாரும் விளக்கை அணைக்கவில்லை.

மறுநாள் காலையில்தான், லேப் தங்கச்சி, உன்னைப் பார்த்தோம். மேடம் எங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். நீ பழைய தாளை வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தாய். "அப்பா, எத்தனை தடவை குத்தினாங்க?" என்று கேட்டாய். மூன்று தடவை, கடைசியில் சிரிஞ்சில் ரொம்ப நேரம் இழுத்தார்கள் என்றார். நீ ஒன்றும் சொல்லாமல் அவருடைய கையை வெதுவெதுப்பான துணியால் சுற்றி ஐந்து நிமிஷம் உட்கார வைத்தாய். பிறகு ஒரே குத்து. ஊதா மூடிக் குழாய் ஒன்று, மஞ்சள் மூடிக் குழாய் ஒன்று.

முக்கால் மணி நேரம் கழித்து என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டாய். உன் கையில் இரண்டு மஞ்சள் மூடிக் குழாய்கள். இரண்டையும் மெஷினில் வேகமாகச் சுழற்றி எடுத்திருந்தாய். அடியில் ரத்தம் கெட்டியாகத் தங்கி மேலே சீரம் என்ற நீர் தெளிந்து நின்றது. ஒன்றில் அது வைக்கோல் நிறம். இன்னொன்றில் ரோஸ் நிறம், வெளிறிய ரோஸ் மில்க் மாதிரி. அந்த இரண்டாவது யாருடையதோ. பெயர்ச்சீட்டை நீ விரலால் மறைத்தே பிடித்திருந்தாய். "அம்மா, இது உங்க வீட்டுக்காரரோடது, சுத்தமா இருக்கு. இந்த ரோஸ் கலர் உடைஞ்ச ரத்தம். சிவப்பணு உடைஞ்சா அதுக்குள்ள இருக்கிற எல்.டி.ஹெச். எல்லாம் சீரத்துல கொட்டிடும். பொட்டாசியமும் சேர்ந்து ஏறும். உங்க பழைய ரிப்போர்ட்ல பொட்டாசியம் 6.3 போட்டிருக்கு பாருங்க. அவருக்கு அப்படி இருந்திருந்தா நேத்தே எமர்ஜென்சிக்கு வந்திருப்பீங்க."

சாயங்காலம் எல்.டி.ஹெச். 228 என்று வந்தது.

முந்தின நாள் ராத்திரி எங்கள் வீட்டில் நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. உன் வேலை நேரத்தில் யாரும் கேட்காமல் பத்து நிமிஷம் எனக்காக நின்றாய். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் எங்கள் வீட்டில் மறுபடி அடுப்பு எரிந்தது.

அடுத்த நன்றி ஓ.பி. சிஸ்டர் அக்காவுக்கு. "வேற என்ன மாத்திரை சாப்பிடுறார்?" என்று கேட்டபோது நாங்கள் பி.பி. மாத்திரையை மட்டும்தான் சொன்னோம். நீங்கள் விடவில்லை. பையைக் கொட்டிக் காட்டச் சொன்னீர்கள். மூச்சிறைப்புக்கு ஒரு கிளினிக்கில் கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரை அதில் இருந்தது. ஸ்டீராய்டு. மூன்று வாரமாக அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மாத்திரையே நியூட்ரோஃபிலைத் தூக்கிக் காட்டும் என்பதும், இம்யூனோதெரபி தொடங்கும் சமயத்தில் அது உடம்பில் அதிகம் இருப்பது நல்லதில்லை என்பதும் எங்களுக்கு எங்கே தெரியும்? மேடம் அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ணினோம். வெள்ளணு 8,000, நியூட்ரோஃபில் 68 சதவீதம். 5,440-ஐ 2,560-ஆல் வகுத்தால் 2.125. நோட்டில் பழைய கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதி இரண்டு கோடு போட்டேன்.

மேடம், உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வேறு காரணம் இருக்கிறது. புள்ளி பூஜ்யம் ஆகிவிட்டது என்று நான் நோட்டை நீட்டியபோது நீங்கள் சந்தோஷப்பட்டு அனுப்பியிருக்கலாம். உட்கார வைத்துப் பேசினீர்கள். "டீச்சர், போன தடவை ரெண்டு புள்ளியே நிஜமா இருந்திருந்தாலும் நான் இந்த மருந்தை நிறுத்தியிருக்க மாட்டேன்" என்றீர்கள். அந்த எண் நோயின் வேகத்தையும் உடம்பின் அழற்சியையும் காட்டும், இந்த மருந்து இவருக்குப் பலிக்குமா என்பதைத் தனியாகக் காட்டாது என்று விளக்கினீர்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆய்வாளர்கள் 2019-ல் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கீமோ எடுத்தவர்களிடமும் அதே புள்ளி அதே மாதிரிதான் பிரித்துக் காட்டியதாம். "மேகம் கறுத்தா மழை வரும்னு சொல்லலாம். உங்க குடை ஒழுகுமா ஒழுகாதான்னு மேகத்தைப் பாத்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டீர்கள். இதை நான் அக்கம்பக்கத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன். ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ.வை அளந்து, சில வாரங்களிலேயே மருந்து பிடிக்கிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சிகள் நடப்பதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. மூன்றாம் மாத ஸ்கேனில் 4.6 என்பது 2.9 ஆனது. இப்போது 1.3.

மருந்துக்கடைத் தம்பி, அந்த மருந்தை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும், உறையவும் விடக் கூடாது என்று தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பேக்குக்கும் மருந்துக்கும் நடுவே அட்டை வைத்துக் கொடுத்தாய். மே மாத வெயிலில் நான் மடியில் வைத்துக்கொண்டு போன அந்தப் பெட்டிகளை இன்னும் தூக்கிப் போடவில்லை. பரணில் இருக்கின்றன.

ஆட்டோ அண்ணன், மூன்றாவது ஊசி நேரத்தில்தான் மிக்ஜாம் புயல் வந்தது. 2023 டிசம்பர் முதல் வாரம். தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. நாலு நாள் தள்ளிப் போனால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர்கள் சொன்ன செய்தியை எப்படியோ வாங்கி வந்து, நனைந்துகொண்டே மாடிப்படி ஏறிச் சொன்னீர்கள். தண்ணீர் வடிந்த காலையில் கேட்காமலே வந்து வாசலில் நின்றீர்கள். அன்றைக்கு நீங்கள் வாங்க மறுத்த பணம் இன்னும் கடன்தான்.

ஐந்தாம் மாதம் அவர் சோர்ந்து சோர்ந்து படுத்தபோது, வயசாகிவிட்டது என்று நாங்கள் விட்டிருப்போம். தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.ஹெச். என்ற ஹார்மோன் ஏறியிருக்கிறது, விழித்துக்கொண்ட எதிர்ப்புச் சக்தி தைராய்டையும் தாக்கியிருக்கிறது என்று கண்டுபிடித்ததும் ஊசிக்கு ஊசி எடுத்த அந்த ரத்தம்தான். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அவ்வளவுதான்.

நான் பார்த்தே இராதவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1992-ல் பி.டி-1-ஐக் கண்டுபிடித்த ஜப்பானின் தாசுகு ஹோன்ஜோவுக்கு. அதைவிட அதிகமாக, அந்த லிபி ஆய்வில் இம்யூனோதெரபி எடுத்துக்கொண்ட 466 பேருக்கு. அவர்களில் யாரோ சிலர்தான் அந்த 3 மாதக் கணக்கு. அவர்களும் எங்களைப் போலக் கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள்தானே. அந்த ராத்திரி அந்த எண்ணை நான் வெறுத்தேன். இப்போது அவர்களை நினைத்து வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறேன்.

ரத்தம் எடுக்கிற தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். சீரம் ரோஸாக வந்தால் ரிப்போர்ட்டில் தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள், இல்லை மறுபடி கூப்பிட்டு எடுங்கள். அந்தத் தாளை வீட்டில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும்.

அடுத்த ஸ்கேன் ஜனவரியில். லேப் தங்கச்சி, அன்றைக்கு நோட்டையும் எடுத்து வருகிறேன். 35 ஊசிக்கான எண்களும் அதில் இருக்கின்றன. 228 என்று எழுதிய பக்கத்தில் உன் கையெழுத்து வேண்டுமாம். அவர்தான் கேட்கச் சொன்னார்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
பெரம்பூர் டீச்சர்