மீல்மேக்கர் மேல பழி போடாத ஏட்டி

ஏட்டி செல்வி,

உன் வாய்ஸ் மெசேஜ மூணு தடவ போட்டுக் கேட்டேன். இங்க நடுராத்திரி, பக்கத்துல பேத்தி தூங்குறா, பேசினா முழிச்சுக்குவா, அதான் டைப் பண்றேன். பாப்பாவுக்கு ஊசி டெஸ்ட்ல தைராய்டுல பாப்பிலரி கேன்சர்னு வந்ததக்கூட நீ நிதானமாத்தான் சொன்ன, ஆனா உன் நாத்தனார் "ஹாஸ்டல்லயும் மீல்மேக்கர், வீட்லயும் மீல்மேக்கர், வராம என்ன செய்யும்"னு சொன்னாங்கன்னு சொல்லும்போதுதான் உனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அப்பவே அவங்களுக்குப் போன் போட்டிருப்பேன், நம்பர் இல்ல, தப்பிச்சாங்க.

கேளு. மீல்மேக்கர் சோயாதானே, நான் இப்ப இருக்கிற ஏரியாவுலயே சோயாவுக்கும் இந்தக் கேன்சருக்கும் என்ன சம்பந்தம்னு ஒரு ஆராய்ச்சி நடந்திருக்கு. மகன் வீடு ஃப்ரீமாண்ட்டுல, சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியான்னு சொல்வாங்கல்ல, அது. 1995லேர்ந்து 1998க்குள்ள, ஆசியாக்காரின்னா 1992லேர்ந்தே, இங்க தைராய்டு கேன்சர் வந்த பொம்பளைங்க 608 பேர், வராத பொம்பளைங்க 558 பேர், எல்லார்கிட்டயும் என்னென்ன சாப்பிடுவீங்க, எத்தன தடவ, எவ்வளவுன்னு குடைஞ்சு குடைஞ்சு கேட்டு 2002ல முடிவ வெளியிட்டாங்க. ஏன் பொம்பளைங்கள மட்டும்னா, இந்தக் கேன்சர் ஆம்பளைங்கள விட நமக்குத்தான் ஏறக்குறைய மூணு மடங்கு வருது, அதுவும் பிள்ளை பெறுற வயசுல. அப்ப ஈஸ்ட்ரோஜன்ங்கிற பொம்பளை ஹார்மோனுக்கு இதுல கை இருக்குமோன்னு ஒரு சந்தேகம். செடிகள்லயும் ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேஷங்கட்டுற சரக்கு இருக்குதாம், சோயாவுல ஜெனிஸ்டீன், டெய்ட்ஸீன், ஆளிவிதையில லிக்னான்னு ஒரு வகை. இப்படி ஏழு சரக்க எடுத்துப் பாத்திருக்காங்க.

வந்த முடிவு உன் நாத்தனார் சொன்னதுக்கு நேர் எதிர். டோஃபு மாதிரி சோயா சாமான் நிறையச் சாப்பிட்டவங்களுக்கு கேன்சர் கம்மியாத்தான் இருந்திருக்கு, வெள்ளக்காரிக்கும் அப்படித்தான், ஆசியாக்காரிக்கும் அப்படித்தான், மாதவிடாய் நின்னவங்க நிக்காதவங்கன்னும் வித்தியாசமில்ல. இன்னொண்ணு, அல்ஃபால்ஃபா முளை சாப்பிட்டவங்களுக்கும் கம்மி. அது என்னன்னு தேடினேன் பாரு, நம்ம தாத்தா மாட்டுக்கு அறுத்துப் போடுவாரே குதிரைமசால், அதேதான்! இங்க டப்பால அடைச்சு சாலட்டுல தூவுறாங்க.

உடனே பாப்பாவுக்கு டோஃபு வாங்கப் போயிடாத. இத முழுசா நம்பவும் முடியாது, ஏன்னா நோய் வந்தப்புறம் ஒருத்திகிட்ட முன்னாடி என்ன சாப்பிட்டன்னு கேட்டா அவ என்னத்தச் சரியாச் சொல்லுவா, போன வாரம் வெச்ச குழம்பே எனக்கு ஞாபகமில்ல. அதோட சோயா மாவு கலந்த மேல்நாட்டுச் சாப்பாட்டுல நல்லதும் தெரியல கெட்டதும் தெரியலன்னு அதுலயே போட்டிருக்கு. மீல்மேக்கரும் எண்ணெய் எடுத்த சோயா மாவுதானே, அதனால அது காப்பாத்தும்னு நான் சொல்ல வரல. நீ ஆக்கிப்போட்ட குருமாவாலதான் வந்துச்சுன்னு சொல்ல யார்கிட்டயும் ஒண்ணுமில்ல, அவ்வளவுதான்.

அடுத்து முட்டகோஸ். அதையும் நிறுத்திட்டேன்னு சொன்னல்ல. கோஸ் தைராய்டுக்கு ஆகாதுங்கிற பேச்சுக்கு ஒரு வேர் இருக்குடி, 1928ல அமெரிக்காவுல முயலுக்குப் பெரும்பாலும் கோஸாவே போட்டு வளத்ததுல கழுத்துல கழலை வந்துடுச்சு. தைராய்டு ஹார்மோன் செய்ய அயோடின் வேணும், கோஸ்ல இருக்கிற சில சரக்கு அந்த வேலைக்குக் குறுக்க நிக்கும். 2010ல ஒரு மருத்துவப் பத்திரிகையில 88 வயசு சீனப் பாட்டி கதை வந்துச்சு, சர்க்கரை குறையும்னு பாக்சாய்ங்கிற சீனக் கோஸ தினம் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ பச்சையா மென்னிருக்காங்க, மாசக்கணக்குல, தைராய்டு படுத்து நினைவில்லாமக் கொண்டுபோய் ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. நாம கால் கிலோ கோஸப் பொரியல் பண்ணி வீட்டுல நாலு பேரு திங்கிறோம், அதுவும் வேகவெச்சா அந்தச் சரக்கு நல்லாவே அடங்கிடும்.

ஆனா ஒண்ணு மட்டும் உன்ன நான் திட்டணும். பசிஃபிக் கடல்ல நியூ கலிடோனியான்னு ஒரு தீவு, அங்க பொம்பளைங்களுக்கு இந்தக் கேன்சர் ரொம்ப அதிகம். அங்க பாத்தப்போ கோஸ் வகையறா நிறையச் சாப்பிட்டு, கூடவே அயோடினும் கம்மியா இருந்த பொம்பளைங்களுக்குத்தான் ரிஸ்க் கூடியிருக்கு. நீ என்னடான்னா பொடியுப்பத் தூக்கிப்போட்டுட்டு இந்துப்பு, கல்லுப்புன்னு ஸ்டேட்டஸ் வெக்கிற. பாக்கெட்டுல அயோடின் சேத்ததுன்னு போட்டிருக்கான்னு திருப்பிப் பாரு, இல்லன்னா பழைய உப்புக்கே போ. பாப்பாவுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம், மிச்சமிருக்கிற தைராய்ட அழிக்கக் கதிரியக்க அயோடின் கேப்சூல் குடுக்கிறதா இருந்தா அதுக்கு முன்னால ஒண்ணு ரெண்டு வாரம் அயோடினே ஆகாதும்பாங்க, அப்ப டாக்டரே சொல்வாங்க. எனக்கு இதே கேன்சர் வந்தப்போ அந்த ரெண்டு வாரம் மீனில்ல, கருவாடில்ல, மோர்கூட இல்ல, கடைசில தனி ரூம்ல பூட்டுனப்போ எனக்கு அழுகை வந்தது நோய நெனச்சு இல்ல, நெத்திலிய நெனச்சு.

சோயாவால எனக்கே ஒரு கூத்து நடந்துச்சு, கேளு. இங்க வந்த புதுசுல மருமக காபிக்கு சோயா பால்தான் ஊத்துவா, நானும் காலைல, தைராய்டு ஹார்மோனுக்குப் பதிலாப் போடுற தைராக்ஸின் மாத்திரைய வாயில போட்டுக்கிட்டு அந்தக் காபியவே குடிச்சு முழுங்கிட்டேன், ரெண்டு மாசம். டெஸ்ட் எடுத்தா, மாத்திரை பத்தலன்னா ஏறுற டிஎஸ்ஹெச் 6க்கு மேல! டாக்டர் டோஸக் கூட்ட எழுதுற நேரத்துல காபிப் பேச்சு வந்து சிரிச்சுட்டாங்க. சோயா குடல்ல மாத்திரைய உடம்புல ஏறவிடாதாம், காபியும் அப்படித்தான். இப்ப விடிஞ்சதும் வெறும் தண்ணில மாத்திரை, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் அடுப்படிப் பக்கமே போறது. கால்சியம், இரும்பு மாத்திரை இருந்தா நாலு மணி நேரம் தள்ளிப் போடணும், இத பாப்பா போன்ல அலாரமா வெச்சுக் குடு.

டாக்டர்கிட்ட தைராய்ட பாதி எடுக்கிறாங்களா முழுசா எடுக்கிறாங்களான்னு தெளிவாக் கேளு, பாதின்னா சில பேருக்கு மாத்திரையே தேவப்படாது. ஆபரேஷன் முடிஞ்சு விரல் நுனியிலயும் உதட்டச் சுத்தியும் எறும்பு ஊர்ற மாதிரி இருந்தா உடனே நர்ஸக் கூப்பிடச் சொல்லு, கால்சியம் இறங்கியிருக்கும். நான் கூச்சப்பட்டுக்கிட்டு ராத்திரி பூரா சொல்லாமக் கெடந்தேன்.

தேதி தெரிஞ்சதும் ஒரு வார்த்த போடு, டிக்கெட்ட முன்னாடி மாத்திக்கிறேன், மகன் முணுமுணுப்பான், கெடக்குறான். முன்பக்கம் பட்டன் வெச்ச நைட்டியா ரெண்டு வாங்கி வை, மொத வாரம் தலை வழியா மாட்டுறது ஆகாது.

உன்
சண்முகக்கனி