மன்னிப்பு அறிக்கை எழுத உட்காரும் திருச்சபைத் தலைவர்களுக்கு

ஆயர்களே, பேராயர்களே, சபையின் முடிவுகளை எடுக்கும் மன்றமான சினட்டின் உறுப்பினர்களே,

பழைய அநீதிகளுக்கு வருந்தி அறிக்கை விடுவது உங்களிடையே வழக்கமாகிவிட்டது. நல்லதுதான், விடாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் பேனாவை எடுப்பதற்கு முன் பழைய கணக்குப் புத்தகங்களைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல். ஏனென்றால் வரும் அறிக்கைகளில் பாதி, யாரோ வழிப்போக்கன் செய்த குற்றத்துக்கு நீங்கள் பெருந்தன்மையாக இரங்குவது போல இருக்கின்றன.

கரீபியன் தீவான பார்படோஸை எடுத்துக்கொள்வோம். 1710இல் இறந்த கிறிஸ்டோபர் காட்ரிங்டன் அந்தத் தீவிலிருந்த தன் கரும்புத் தோட்டங்களை, அங்கே அடிமைகளாக இருந்த மனிதர்களோடு சேர்த்து, இங்கிலாந்து திருச்சபையின் சுவிசேஷப் பரப்புதல் சங்கத்துக்கு எழுதி வைத்தார். சங்கமும் வாங்கிக்கொண்டது. அந்த மனிதர்களின் மார்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் 'சொசைட்டி' என்று சூடு போட்டார்கள். சபையின் மிஷன் சங்கத்தைத்தான் அந்த எழுத்து குறித்தது. பிறகு 1830களில் அடிமை முறை ஒழிந்தபோது பிரிட்டிஷ் அரசு இழப்பீடு கொடுத்தது, யாருக்கு என்றால் உடைமையாளர்களுக்கு. 411 பேருக்காகச் சங்கத்துக்குக் கிடைத்தது 8,823 பவுண்டும் சில்லறையும். சூடு வாங்கியவர்களுக்கு ஒரு பென்னி கூட இல்லை.

இங்கிலாந்து சபையின் பொதுச் சினட் 2006இல் இதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டது. ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்கு அப்புறம் நடந்ததுதான். சபையின் சொத்துகளை நிர்வகிக்கும் ஆணையர்கள் கணக்காளர்களை வைத்துப் பழைய பேரேடுகளைத் துருவினார்கள். ஏழைக் குருமாருக்கு உதவுவதற்காக 1704இல் தொடங்கிய ஒரு நிதி, அடிமைகளைக் கப்பலேற்றி விற்ற சவுத் ஸீ கம்பெனியில் முதலீடு செய்திருந்தது வெளியே வந்தது. 2023 ஜனவரியில் 10 கோடி பவுண்டு ஒதுக்குவதாக அறிவித்தார்கள். அது போதுமா, யார் கையில் போய்ச் சேரும் என்று சண்டை நடக்கிறது, நடக்கட்டும். தொகையை வைத்துச் சண்டை வந்தால் அறிக்கையில் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, இன்னொரு பக்கம். கனடாவில் பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்து வைத்த உறைவிடப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை நடத்தியவை சபைகள். அந்தப் பள்ளிகளில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடுசெய்ய 2006இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி கத்தோலிக்க அமைப்புகள் நன்கொடையாக 2.5 கோடி டாலர் திரட்ட முயல வேண்டும். திரண்டது 40 லட்சத்துக்கும் குறைவு. 2015இல் நீதிமன்றம் அவர்களை அந்தப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. பிறகு ஊர் உலகமெல்லாம் கேட்ட பின், 2021இல் ஆயர்கள் 3 கோடி தருவதாகச் சொன்னார்கள். 2022இல் போப் பிரான்சிஸ் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார், வயதான காலத்தில் சக்கர நாற்காலியில் போனார், அதை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் அவர் முதல் நாள் மன்னிப்புக் கேட்டது 'பல கிறிஸ்தவர்கள்' செய்த தீமைக்காக. பள்ளியை நடத்தியது பல கிறிஸ்தவர்களா, இல்லை சபையா?

இந்த ஒளிவுமறைவு உங்களுக்கே ஒத்துவராது என்பதுதான் வேடிக்கை. பாவசங்கீர்த்தனத்துக்கு வருபவர் "சாமி, எங்கள் வீட்டில் சிலர் கொஞ்சம் முன்னே பின்னே நடந்துகொண்டார்கள்" என்றால் எந்தக் குருவாவது பாவ மன்னிப்புக் கொடுப்பாரா? என்ன செய்தாய், எத்தனை தடவை, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாயா என்றுதானே கேட்பார்?

அப்போது நாங்கள் பிறக்கவே இல்லையே என்று சிலர் சொல்வீர்கள். அப்போஸ்தலர் காலம் முதல் அறுபடாத தொடர்ச்சி என்று பெருமை பேசும்போது இந்தக் கேள்வி வருவதில்லை. சொத்துக்கு வாரிசு, கடனுக்கு இல்லை என்றால் எப்படி?

தென்னாப்பிரிக்காவில் டச்சு சீர்திருத்த சபையின் சினட் 1857இல், 'சிலருடைய பலவீனத்தை' முன்னிட்டு, வெள்ளையரும் மற்றவர்களும் தனித்தனியாக ஆராதிக்கலாம் என்று இடம் கொடுத்தது. பலவீனம் வெள்ளையருடையது, வெளியே போனவர்கள் மற்றவர்கள். அந்தச் சலுகைதான் பிறகு இனஒதுக்கலுக்கே வேத ஆதாரம் காட்டும் அளவுக்கு வளர்ந்தது. 1990இல் ருஸ்டன்பர்க் மாநாட்டில் அதே சபையின் இறையியலாளர் வில்லி யோங்கர் எழுந்து, இது என் குற்றம், என் சபையின் குற்றமும்கூட என்று அறிக்கையிட்டார். இனஒதுக்கலை எதிர்த்துப் போராடிய கறுப்பினப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அதை ஏற்றுக்கொண்டார். ஏற்கச் சொல்லி யாரும் அவரை நெருக்கவில்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. அறிக்கையின் கடைசிப் பத்தியிலேயே 'ஒப்புரவின் புதிய காலம் பிறந்துவிட்டது' என்று நீங்களே எழுதிவிடுகிறீர்கள். கனடா ஐக்கிய சபை 1986இல் பழங்குடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டபோது, நினைவாக அந்நாட்டின் சட்பரி நகரில் ஒரு கற்குவியல் எழுப்பினார்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்த மக்கள் சொன்ன பதில், கேட்டதைக் குறித்துக்கொண்டோம் என்பதுதான், மன்னித்தோம் என்பது அல்ல. குவியலையும் வேண்டுமென்றே முடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்தச் சபை அதோடு கோபித்துக்கொண்டு போகவில்லை, 1998இல் உறைவிடப் பள்ளிகளுக்காக மறுபடியும் மன்னிப்புக் கேட்டது.

எனவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஆவணக் காப்பகங்களைத் திறந்து விடுங்கள், ஞானஸ்நானப் பதிவேடு, நிலப் பத்திரம், வரவு செலவு எல்லாவற்றையும், பாதிக்கப்பட்டவர்களின் வம்சாவளியினர் அனுமதிக்காகக் காத்துக் கிடக்காமல் பார்க்கும்படி. அறிக்கையின் வரைவை முதலில் அவர்களிடம் கொடுங்கள். அவர்கள் அடித்துத் திருத்தித் தரட்டும். அதற்கு இரண்டு வருஷம் ஆனாலும் ஆகட்டும், அவசரமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வாசித்து முடிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.