கொரிய மாதிரி வீட்டில் அடுப்பு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கைவேலைக் கட்டுரையில், கொரிய பாணி மாதிரி வீட்டுப் பெட்டிகளுக்கு, அதாவது மரத் துண்டுகளை ஒட்டிச் சின்ன வீடு கட்டும் பெட்டிகளுக்கு, ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பத்தி சொன்னது இரண்டே விஷயம். துண்டுகளின் எண் பார்த்து ஒட்டினால் போதுமாம். ஜப்பானிய வீடு போல ஓர் அலங்காரப் பொருள் தயாராகிவிடுமாம். இரண்டும் சரியில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் ஒரு கட்டட நிறுவனத்தில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டி-ஸ்கொயர் வைத்து வரைந்த காலத்திலிருந்து கணினித் திரை வரைக்கும் பார்த்தாயிற்று. வரைந்ததெல்லாம் கான்கிரீட். மரத்தில் ஒரு வீடு எப்படி நிற்கிறது என்று கையால் தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும் பாக்கி இருந்தது. அதனால்தான் ஹானோக் எனப்படும் கொரியப் பாரம்பரிய வீட்டின் பெட்டி ஒன்றை வாங்கினேன். "இதில் யார் குடியிருக்கப் போகிறார்கள், அண்ணி?" என்று என் நாத்தனார் கேட்டாள். கையெல்லாம் பசை, பதில் சொல்லவில்லை.

ஒட்டும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லேசரில் அறுத்த ப்ளைவுட் தகட்டில் துண்டுகள் சின்னச் சின்னக் காம்புகளில் தொற்றிக்கொண்டிருக்கும். விரலால் தள்ளினால் மெல்லிய சட்டங்கள் முறியும். கத்தி முனையால் காம்பை அறுத்து எடுக்க வேண்டும். லேசர் பட்ட விளிம்பு கரிந்திருக்கும். கரியின் மேல் பசை சரியாகப் பிடிக்காது, உப்புத்தாளில் ஓர் இழுப்பு இழுக்க வேண்டும். நொடியில் ஒட்டும் பசை காய்ந்ததும் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும் என்பதால், வெள்ளை மரப்பசையைப் பல்குத்தும் குச்சியில் தொட்டு வைப்பதே நல்லது. இவை எந்த நாட்டு வீட்டுப் பெட்டிக்கும் பொருந்தும். எண் பார்த்து ஒட்டினால் போதுமா என்ற கேள்வி இதற்குப் பிறகுதான் வருகிறது.

என் பெட்டியோடு வந்த படத்தாள், சுவரை முதலில் நிறுத்தி அதன் ஓரத்தில் தூணை ஒட்டச் சொன்னது. உண்மையான ஹானோக் இதற்கு நேர் எதிர். முதலில் அடிக்கல், அதன் மேல் தூண், தூண்களுக்கு மேல் உத்திரம், உச்சியில் முகட்டு மரம், பிறகு கைமரங்கள், ஓடு. கூரை ஏறிய பிறகுதான் சுவர் வருகிறது. பல வீடுகளில் அடிக்கல்லைக்கூடச் சமமாகச் செதுக்க மாட்டார்கள். கல் கிடைத்தபடியே கிடக்கும். அதன் மேடுபள்ளத்தைத் தூணின் அடியில் குறித்து, மரத்தைத்தான் கல்லுக்கு ஏற்றபடி செதுக்கி உட்கார வைப்பார்கள். ஆணியை நம்பாமல் துளையும் நாக்குமாகக் கோத்த இணைப்புகள். ஓட்டுக்கு அடியில் கனமாக மண் பரப்புவார்கள், அந்தப் பாரம் அழுத்த அழுத்த இணைப்புகள் இறுகும். வீட்டின் எடையைத் தூணும் உத்திரமும் தாங்கிக்கொள்வதால் சுவருக்குச் சுமை கிடையாது. ஒரு பக்கத்துக் கதவுகளை மொத்தமாக மடித்துத் தூக்கிக் கூரையடிக் கொக்கிகளில் மாட்டிவிட முடிவது அதனால்தான். சுவரை முதலில் நிறுத்தி ஒட்டியவருக்கு இது கடைசி வரை தெரியாது. அவர் கையில் இருப்பது வீட்டு வடிவில் ஒரு டப்பா.

நான் படத்தாளை மூடி வைத்துவிட்டேன். தூண்களை நிறுத்தி, முகட்டு மரத்தை ஏற்றும் முன் அதன் அடிப்பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினேன். கொரியாவில் முகட்டு மரம் ஏற்றுவது ஒரு சடங்கு, தேதியை மையால் மரத்திலேயே எழுதுவார்கள். என் வீட்டில் சடங்குக்கு வந்தது நாத்தனார் மட்டும்.

கூரையின் முனைகள் மேலே வளைந்து நிற்கின்றனவே, அது வெறும் அழகு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வளைவு எனக்கும் பிடிக்கும், ஆனால் நான் மயங்கியது கூரை வெளியே நீளும் அளவில். சியோல் நகரம் ஏறக்குறைய 37.5 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. அப்படியானால் ஜூன் மாத நெடும்பகலில் நண்பகல் சூரியன் 76 பாகை உயரத்தில் நிற்கும். டிசம்பர் குறும்பகலில் 29 பாகைதான். பழைய கோணமானியைத் தேடி எடுத்து, அறையை இருட்டாக்கி, மேசை விளக்கைத் தள்ளி வைத்து அந்த இரண்டு கோணங்களிலும் மாதிரி வீட்டின் மேல் வெளிச்சம் விழச் செய்தேன். 76-இல் நிழல் திண்ணை முழுவதையும் மூடியது, உள்ளே ஒரு கீற்றுகூடப் போகவில்லை. 29-இல் வெளிச்சம் கதவைத் தாண்டிப் பின்சுவர் வரை போய் விழுந்தது. வேலையில் இருந்தபோது நான் வரைந்த எத்தனை சன்ஷேடுகளுக்கு இந்தக் கணக்கை யாராவது கேட்டார்கள் என்று யோசித்தேன். சரி, அது வேறு கதை.

இப்போது என் குறைக்கு வருகிறேன். ஹானோக் என்றால் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு விதத் தரை. ஒன்று மாரு. தரையிலிருந்து உயர்த்தி, அடியில் காற்றோடும்படி போட்ட மரத்தளம், கோடைக்கு. இன்னொன்று ஒன்டோல், சூடேறும் கல்தளம், குளிர்காலத்துக்கு. இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அமைவதுதான் அந்த வீட்டின் உயிர். என் பெட்டியில் மாருவுக்கு அழகாகக் கோடு கீறிய பலகை தந்திருந்தார்கள். ஒன்டோல் அறைக்கு மஞ்சள் நிறத்தில் அச்சடித்த ஒரு தாள். ஒட்டினால் தீர்ந்தது! அடியில் ஒன்றுமே இல்லை.

ஒன்டோல் வேலை செய்யும் விதத்தைக் கேளுங்கள். சமையலறை அடுப்பின் நெருப்பு சோற்றையும் வேக வைக்கும், பக்கத்து அறையின் தரையையும் சூடாக்கும். அடுப்பின் வாயிலிருந்து புகையும் சூடும் அறைத் தரைக்கு அடியில் உள்ள கால்வாய்களில் புகுந்து ஓடி, மறுமுனையில் புகைபோக்கி வழியாக வெளியேறும். கால்வாய்களின் மேல் தட்டையான கற்கள். அவற்றின் மேல் களிமண் பூச்சு, அதன் மேல் எண்ணெய் ஊட்டிய தடித்த காகிதம். அடுப்புப் பக்கம் தடித்த கல்லும் தள்ளிப்போகப் போக மெல்லிய கல்லும் வைப்பார்கள், இல்லாவிட்டால் ஒரு மூலை சுடும், மறுமூலை சில்லிடும். அப்படி வைத்தும் அடுப்புப் பக்கமே அதிகம் சூடாக இருக்கும். அந்த இடம் வீட்டுப் பெரியவருக்கும் விருந்தாளிக்கும். 2018-இல் ஒன்டோல் பண்பாட்டைத் தென்கொரியா தன் தேசிய மரபுச் சொத்துகளில் ஒன்றாகவே அறிவித்தது.

இந்த அமைப்புக்குள் ஒரு கட்டாயம் ஒளிந்திருக்கிறது. நெருப்பு தரைக்குக் கீழே எரிய வேண்டும் என்றால், சமையலறை அறையைவிடப் பள்ளத்தில் இருந்தாக வேண்டும். பழைய கொரிய வீடுகளில் அப்படித்தான், சமையலறைக்குள் இறங்கித்தான் போக வேண்டும். என் பெட்டியிலோ சமையலறை, அறை, திண்ணை எல்லாம் ஒரே மட்டம். மட்டம் எழுதாத வரைபடத்தை எங்கள் அலுவலகத்தில் மேசையைத் தாண்ட விடமாட்டார்கள்.

ஆகவே அடிப்பலகையின் மேல் இன்னொரு பலகை வைத்து, தூண்கள் நிற்கும் இடங்களைத் தொடாமல் சமையலறைப் பகுதியை மட்டும் அறுத்து எடுத்தேன். பள்ளம் கிடைத்துவிட்டது. அறைக்கு அடியில் அட்டைக் கீற்றுகளை நிறுத்திக் கால்வாய் செய்தேன். அடுப்பின் வாயைத் தாண்டியதும் ஒரு சின்ன மேடு, புகை திரும்பி வராமலிருக்க அது அவசியம். புகைபோக்கிக்கு முன்னால் சாம்பல் விழ ஒரு குழி. கல்லுக்குப் பதிலாகச் சாம்பல் நிற அட்டை. தரையை ஒட்டவில்லை, தூக்கிப் பார்க்கும்படி விட்டிருக்கிறேன். கூரையும் அப்படியே. வீட்டுக்கு வருகிறவர்கள் கூரையைத் தூக்கி "அழகு" என்கிறார்கள். தரையைத் தூக்கியதும் கேள்வி கேட்க ஆரம்பிக்கிறார்கள்.

முற்றத்துக்குப் பச்சைப் புல் விரிப்பும் பெட்டியிலேயே வந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மரபான கொரிய முற்றம் வெறும் மணல்தரை. விழும் வெயிலை அது கூரைக்கு அடியில் இருக்கும் நிழலுக்குள் திருப்பி அனுப்பும். புல் போர்த்திய மேடு அங்கே கல்லறைக்கு உரியது. சலித்த மணலைப் பசையின் மேல் தூவினேன், அவ்வளவுதான் வேலை. அப்புறம் கதவுக் காகிதம். மல்பெரி வகை மரப்பட்டையில் செய்யும் ஹாஞ்சிக் காகிதத்தைச் சட்டத்தின் உட்பக்கம் ஒட்டுவதுதான் கொரிய வழக்கம், வெளியிலிருந்து பார்த்தால் மரச்சட்டம் முழுசாகத் தெரியும். படத்தாள் வெளிப்பக்கம் ஒட்டச் சொன்னது.

அந்த 'ஜப்பானிய வீடு' விஷயத்துக்கும் வருகிறேன். பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தது சியோலின் புக்சொன் தெரு. கியோங்போக்குங், சாங்தொக்குங் என்ற இரண்டு அரண்மனைகளுக்கு இடையில் இருக்கும் பகுதி. இன்று அங்கே வரிசையாக நிற்கும் வீடுகளில் பல 1930-களில் எழுந்தவை. கொரியா அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்தது, ஜப்பானியக் குடியேற்றம் நகரத்தின் வடபக்கம் நோக்கிப் பரவிக்கொண்டிருந்தது. ஜங் செக்வொன் என்ற கட்டுநர் அங்கிருந்த பெரிய மனைகளை வாங்கித் துண்டாக்கி, நடுத்தரக் குடும்பங்களுக்கு ஏற்ற சிறிய ஹானோக்குகளாகக் கட்டி விற்றார். கண்ணாடிக் கதவு, தகர மழைநீர்க் குழாய் போன்ற புதிய பொருள்களையும் சேர்த்துக்கொண்டார். வீட்டு வியாபாரிதான், சந்தேகமில்லை. ஆனால் கொரிய மொழிச் சங்கத்துக்கு இடம் கொடுத்ததும் அவர்தான். 1942-இல் ஜப்பானிய ஆட்சி அந்தச் சங்கத்தாரைக் கைது செய்தபோது அவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தத் தெருவின் வீட்டைப் பற்றி எழுதும்போது 'ஜப்பானிய வீடு போல' என்று சொல்லலாமா என்பதை நீங்களே யோசியுங்கள்.

(புக்சொன் மக்கள் சுற்றுலாக் கூட்டத்தில் தவித்து, இப்போது மாலை 5 மணி முதல் காலை 10 மணி வரை ஒரு பகுதிக்குள் பார்வையாளர்கள் வரத் தடை. மீறினால் ஒரு லட்சம் வோன் வரை அபராதம். எந்த நேரத்திலும் எட்டிப் பார்க்கலாம் என்பது மாதிரி வீட்டின் வசதி.)

எல்லாப் பெட்டியும் மோசம் என்று சொல்ல வரவில்லை. தூண், உத்திரம், கைமரம் என்று நிஜ வரிசையிலேயே கட்ட வைக்கும் கொரிய மரப் பெட்டிகளும் உண்டு. அவை கடினம், நேரம் இழுக்கும், முதல் முறை வாங்குபவரை விரட்டிவிடவும் கூடும். எளிய பெட்டியில் தொடங்குவதில் தவறே இல்லை. ஆனால் எளிமைக்காகத் துண்டுகளைக் குறைக்கலாம். வீட்டைத் தலைகீழாகக் கட்டச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு வரி விளக்கமும் ஒரு குறுக்குவெட்டுப் படமும் படத்தாளில் சேர்ப்பதற்கு எவ்வளவு தாள் ஆகிவிடும்?

உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி எழுதும்போது, முடிந்த வீட்டின் படத்தோடு, கூரையும் சுவரும் இல்லாத எலும்புக்கூட்டின் படத்தையும் போடுங்கள். வாங்கும் முன் கூரை கழன்று வருமா, தூண் தனித் துண்டாக இருக்கிறதா, சமையலறை பள்ளத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்டோல் அறையின் குறுக்குவெட்டை அளவுகளோடு நான் வரைந்து வைத்திருக்கிறேன். வாசகர்களுக்குப் பயன்படும் என்று நினைத்தால் அனுப்பி வைக்கிறேன். ஒரு ஏ4 தாளில் அடங்கும். எழுத்து மட்டும் கொஞ்சம் பொடி, பெரிதாக்கிப் போட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன், உங்கள் நெடுநாள் வாசகி