பழைய ரயில் நிலையங்களைக் காணும் கல்விப் பயணம்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

பெருமதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு வரும் முதல் சனிக்கிழமையன்று, நம் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களையும் பதினோராம் வகுப்பு வரலாற்றுப் பிரிவு மாணவர்களையும் நம் கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்திலிருந்து விழுப்புரம் வழியாகப் புதுச்சேரிக்கு ரயிலில் அழைத்துச் சென்று, வழியிலுள்ள பழைய நிலையங்களைக் காட்டி வரத் திட்டமிட்டுள்ளோம். இதற்கான ஒப்புதல் படிவம் இக்கடிதத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. சென்ற பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒருசிலர், தஞ்சைப் பெரிய கோயிலுக்கோ மாமல்லபுரத்துக்கோ அழைத்துப் போகாமல் அன்றாடம் பார்க்கிற ரயிலடிக்குப் பிள்ளைகளை எதற்காக அழைத்துப் போக வேண்டும் என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது, சற்று விரிவாகவே விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ஆம் ஆண்டு ராயபுரத்திலிருந்து ஆற்காட்டை நோக்கிப் புறப்பட்டது. அந்த ராயபுரம் நிலையக் கட்டடம், உயர்ந்த தூண்களுடன் இன்றும் சென்னையில் நிற்கிறது. நாட்டில் எஞ்சியுள்ள மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடமாக அதையே குறிப்பிடுகிறார்கள். நம் கடலூர் வழியாகச் செல்லும் பாதை, அதற்குப் பிந்தைய தலைமுறையைச் சேர்ந்தது. இரண்டு கம்பெனிகள் இணைந்து 1874இல் உருவான தென்னிந்திய ரயில்வே, சென்னையிலிருந்து விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை), தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி எனத் தெற்கே செல்லும் மீட்டர் பாதையை (தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் அகலமுடைய பாதையை) 1870களின் பிற்பகுதியில் அமைத்தது. இந்தப் பாதைக்கே 'மெயின் லைன்' என்ற பெயர் நிலைத்தது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் குறுக்குப் பாதை, அதாவது 'கார்டு லைன்', ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்தே வந்தது. இன்று பெரும்பாலான விரைவு வண்டிகள் அவ்வழியே சென்றுவிடுவதால், நம் நிலையங்கள் கிளைப்பாதை நிலையங்கள்போலப் பிள்ளைகளுக்குத் தோன்றக்கூடும். ஒரு காலத்தில் இலங்கைக்குக் கப்பலேறச் சென்றவர்கள் பயணம் செய்த வண்டிகளும் நம் கடலூரைத் தாண்டித்தான் போயின.

பாதை போடப்பட்ட அந்த ஆண்டுகள் தாது வருடப் பஞ்சம் நிலவிய ஆண்டுகளும்கூட. பஞ்சப் பகுதிகளுக்குத் தானியம் கொண்டு சென்ற அதே ரயில், விலை அதிகமாகக் கிடைக்கும் இடங்களுக்கு வணிகர்கள் தானியத்தைக் கொண்டு செல்லவும் பயன்பட்டது. ரயில் வந்தது, நாடு முன்னேறியது என்று ஒரே வரியில் முடித்துவிடும் பாடத்தை நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர விரும்பவில்லை. ஒரு நிலையம் எந்தச் சரக்குக்காகக் கட்டப்பட்டது, யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று அவர்கள் கேட்டுப் பழக வேண்டும். நெல்லிக்குப்பத்தில் ரயில் வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே, 1842இல், சர்க்கரை ஆலை தொடங்கப்பட்டுவிட்டது. நம் வட்டாரத்து மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டைகள் துறைமுகங்களுக்குப் போய்ப் பிரான்சின் மார்செய் நகரம் வரை எண்ணெய் ஆலைகளைத் தேடிச் சென்றன. கடலூர் முதுநகரில் துறைமுகத்தையும் ரயில் சந்திப்பையும் அருகருகே வைத்து நோக்கினால், வரைபடமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

இப்பயணத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது விழுப்புரம் – புதுச்சேரிக் கிளைப்பாதை. 1879ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்ட அப்பாதை 38 கிலோமீட்டர் நீளமே உடையதாயினும், இரண்டு அரசுகளின் ஆட்சிப் பரப்பின் ஊடே சென்றது. விழுப்புரம், வளவனூர், சின்னபாபுசமுத்திரம் ஆகியவை ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தன. அதற்கடுத்த வில்லியனூரும் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. ஆகவே நாம் இன்று முறுக்கைக் கொறித்துக்கொண்டே கடந்துவிடும் சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் என்னும் இரண்டு சிறு நிலையங்களுக்கு நடுவே, 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் புதுச்சேரி இந்திய நிர்வாகத்தின்கீழ் வரும்வரை, ஓர் எல்லைக்கோடு இருந்தது. சுங்கச் சோதனையும் இருந்தது.

இந்த எல்லை நம் இலக்கியத்திலும் அரசியலிலும் என்ன செய்தது என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். மகாகவி பாரதியார் 1908இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்ததும், பத்தாண்டுகள் அங்கே தங்கியதும், 1918 நவம்பரில் ஆங்கிலேய எல்லைக்குள் வந்தவுடனேயே கைது செய்யப்பட்டு நம் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டதும் பாடநூலிலேயே உள்ளவை. பாடநூலில் படித்த எல்லை எது என்று கேட்டால், சன்னலுக்கு வெளியே கைநீட்டிக் காட்டக்கூடிய இடம் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. (கையைச் சன்னலுக்கு வெளியே நீட்டக் கூடாது என்பதைப் பயண விதிகளில் தனியே குறிப்பிட்டுள்ளோம்.) தூத்துக்குடி மாவட்டத்து மணியாச்சி சந்திப்பில் 1911 ஜூன் 17 அன்று ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனுக்கும், ஆங்கிலேயர் கைக்கு எட்டாமல் புதுச்சேரியில் தங்கியிருந்த விடுதலைப் போராளி வ.வே.சு. ஐயருக்கும் தொடர்பு இருந்தது. இன்று வாஞ்சி மணியாச்சி என வழங்கும் அந்தச் சந்திப்பும் நம் பாதையைப் போட்ட அதே தென்னிந்திய ரயில்வேயின் நிலையமே. அவ்வளவு தூரம் இம்முறை செல்ல இயலாது.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் சாலை வழியே 22 கிலோமீட்டர் அளவில் சென்றுவிடலாம் என்பதை நீங்கள் அறிவீர்கள். ரயிலில் செல்வதானால் பண்ருட்டி வழியாக விழுப்புரம் போய், வண்டி மாறி, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் சுற்ற வேண்டும். இரண்டு ஊர்களையும் நேராக இணைக்கும் பாதை நெடுங்காலமாகத் திட்டமாகவே இருந்து வருகிறது. ஏன் இந்தச் சுற்றுவழி என்று ஒரு மாணவி கேட்டதிலிருந்துதான் இப்பயணத்துக்கான எண்ணமே எழுந்தது. ஐந்து திசைப் பாதைகள் கூடும் விழுப்புரம் சந்திப்பின் நடைமேடையில் நின்று அந்தக் கேள்விக்கு விடை தேடுவது, வகுப்பறைக் கரும்பலகையில் தேடுவதைவிட எளிது.

இனி, பிள்ளைகள் என்ன பார்க்கப் போகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிலையத்தில் எது பழையது, எது பின்னர் சேர்க்கப்பட்டது என்று பிரித்தறிவதே அவர்களுக்குத் தரப்படும் வேலை. சுண்ணாம்புக் காரையால் கட்டிய பருமனான சுவர், மரத்தூலங்களின்மேல் சிறுசெங்கல்லைச் சாய்வாக நிறுத்திப் போட்ட மெட்ராஸ் ஒட்டுத் தளம், மங்களூர் ஓடு வேய்ந்த தாழ்வாரம், வார்ப்பிரும்புத் தூண் ஆகியவற்றைக் கண்டால் அளந்து வரைய வேண்டும். வேலித் தூணாகவோ கூரைத் தாங்கியாகவோ நட்டுவைக்கப்பட்ட பழைய தண்டவாளத் துண்டுகளைத் தவறவிடக் கூடாது என்று குறிப்பாகச் சொல்லியிருக்கிறோம். தண்டவாளத்தின் பக்கவாட்டில் அதை உருக்கிய ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பெழுத்தாக இருப்பது வழக்கம். வர்ணம் பலமுறை பூசப்பட்டிருந்தாலும், தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து தெரியும். கட்டடத்தில் கல்வெட்டு இல்லாத இடத்திலும் இப்படி ஒரு கல்வெட்டுக் கிடைத்துவிடுகிறது. ஆனால் தண்டவாளத்தின் ஆண்டு, கட்டடத்தின் ஆண்டு ஆகிவிடாது. வேறெங்கோ தேய்ந்துபோன பிறகு கொண்டுவந்து நட்டதாகவும் அது இருக்கலாம். சான்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கற்பிக்க இதைவிட நல்ல வாய்ப்பு எனக்குத் தெரியவில்லை.

நடைமேடையின் உயரமும் கவனிக்கத்தக்கது. மீட்டர் பாதைக் காலத்து நடைமேடைகள் பல ஊர்களில் தாழ்வாகவே இருந்தன. அகலப் பாதை வந்து நடைமேடையை உயர்த்தியபோது, பழைய கட்டடத்தின் தரைமட்டம் கீழே போயிற்று. அவ்வாறான இடங்களில் நிலைய அதிகாரியின் அறைக்குள் படியிறங்கிச் செல்ல நேரும், மழைநீரும் உள்ளே வரும், நாளடைவில் கட்டடத்தை இடிப்பதே எளிது என்ற முடிவுக்கு வருவார்கள். புதுச்சேரிக் கிளைப்பாதை 2004இல் அகலப் பாதையானது. விழுப்புரம் – மயிலாடுதுறைப் பாதை 2010இல் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. வண்டியின்றிப் பேருந்திலேயே நாம் அலைந்த அந்த இடைக்கால ஆண்டுகளை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து போடப்பட்ட முதல் பாதை அகலப் பாதையாகவே தொடங்கி, 1870களில் மீட்டர் பாதையாகக் குறைக்கப்பட்டு, நம் காலத்தில் மீண்டும் அகலப் பாதையாயிற்று என்பது ரயில்வேக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் செய்தி.

அம்ருத் பாரத் திட்டத்தின்கீழ் புதுச்சேரி, திருப்பாதிரிப்புலியூர், சிதம்பரம், விழுப்புரம் முதலிய நிலையங்கள் புதுப்பிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. மின்தூக்கியும் சாய்வுப் பாதையும் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. முழங்கால் வலியோடு மேம்பாலப் படியேறும் பெரியவர்களைப் பார்த்த எவரும் அதை மறுக்க மாட்டார்கள். சென்னை எழும்பூர், 1908இல் திறக்கப்பட்ட அழகிய கட்டடம் என்பதால் அதைப் பற்றி எழுதவும் பேசவும் பலர் இருக்கிறார்கள். வளவனூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் கிள்ளைக்கும் அப்படி யாருமில்லை. சிறு நிலையங்களின் பழைய அறைகளும் மணியும் பெயர்ப்பலகையும் ஒரே வாரத்தில் காணாமற்போகக்கூடியவை. அவை அழிவதைத் தடுக்கும் அதிகாரம் பள்ளிக்கு இல்லை. அளந்து, வரைந்து, படம் பிடித்து, நம் நூலகத்தில் ஒரு பதிவேடாக வைக்கும் உரிமை உண்டு. மாணவர்கள் அதைத்தான் செய்யப் போகிறார்கள்.

இதற்கு உங்கள் உதவியும் தேவை. உங்கள் இல்லத்துப் பெரியவர்களில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாகவோ, தடம் மாற்றும் பாயிண்ட்ஸ்மேனாகவோ, கேட் கீப்பராகவோ, நிலைய அதிகாரியாகவோ பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் இருந்தால் தயவுசெய்து வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள். கைகாட்டி மரத்தின் விளக்கை ஏற்ற ஏணியில் ஏறியது, ஒற்றைப் பாதையில் வண்டி செல்வதற்கான அனுமதிச் சின்னமாகிய டோக்கன் உருண்டையைப் பையிலிட்டு வளையத்தோடு ஓட்டுநரிடம் நீட்டியது, நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்தது போன்றவற்றைக் கையால் செய்தவர்களே சொல்லக் கேட்பதற்கு இன்னும் சில ஆண்டுகளே வாய்ப்பிருக்கிறது. பழைய அட்டைப் பயணச்சீட்டோ, நிலையத்தில் எடுத்த குடும்பப் படமோ இருந்தால், அதன் நகலை மட்டும் அனுப்புங்கள்; அசல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

பாதுகாப்பு குறித்துச் சுருக்கமாகக் கூறுகிறேன். பதினைந்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் வீதம் உடன் வருவார்கள். நிலையங்களில் அளக்கவும் படமெடுக்கவும் ரயில்வே அதிகாரிகளின் எழுத்துமூலமான அனுமதி கோரியுள்ளோம். அனுமதி கிடைக்காத நிலையத்தில் வரைவதோடு நிறுத்திக்கொள்வோம். தண்டவாளத்தில் இறங்குவதோ, அதைக் கடப்பதோ, அதில் நின்று செல்பி எடுப்பதோ ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய அத்துமீறல் என்பதை வகுப்பில் விளக்கியுள்ளோம். நீங்களும் வீட்டில் ஒருமுறை சொல்லி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த விதியை மீறும் மாணவர், யார் வீட்டுப் பிள்ளையாயினும், அடுத்த நிலையத்திலிருந்து ஓர் ஆசிரியருடன் திருப்பி அனுப்பப்படுவார்.

மாணவர்கள் காலை ஆறு மணிக்குச் சீருடையில் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தின் முகப்பில் கூட வேண்டும். மதிய உணவு, தண்ணீர், அளவுநாடா, கோடிடாத நோட்டு, பென்சில் ஆகியவை போதும். அலைபேசி ஆசிரியர்களிடம் மட்டும் இருக்கும். பயணச்சீட்டுக் கட்டணம் தவிர வேறு தொகை வசூலிக்கப்படாது. அதுவும் சிரமமாக இருக்கும் குடும்பங்கள் என்னிடம் நேரில் ஒரு சொல் சொன்னால் போதும், பள்ளி பார்த்துக்கொள்ளும். கையொப்பமிட்ட ஒப்புதல் படிவத்தைப் பொங்கல் விடுமுறை தொடங்குமுன் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்
கடலூர்