570-க்காக நிற்கும் பாப்பாவுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். ஆச்சிக்கு முட்டிவலி பழையபடிதான். கீழ வீட்டுச் சித்தப்பா ஒருவழியாகக் கூரை ஓடுகளை மாற்றிவிட்டார். வள்ளியூர்க்காரர்கள் மறுபடி போன் பண்ணினார்கள், அம்மா ஏதோ சொல்லிச் சமாளித்தாள். அதைப் பற்றி இப்போது எழுதவில்லை.

நான் எழுத வந்தது பஸ்ஸைப் பற்றி. சிரிக்காதே. ரிட்டயர் ஆன பஸ் ஸ்டாண்ட் டைம் கீப்பருக்கு வேறு எதைப் பற்றி எழுதத் தெரியும்?

சென்னையில் உன் ரோட்டில் மெட்ரோ தூண்கள் எழும்பிவிட்டதைப் பேப்பரில் படம் போட்டிருந்தான். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டருக்கு மேல். முடிந்தால் நல்லதுதான். அது முடிகிற வரைக்கும் தகரத் தடுப்பு வைத்து ரோட்டைப் பாதியாக்கியிருக்கிறார்களே, அந்தப் பாதியில்தானே உன் 570 ஊர்ந்து வர வேண்டும்? பஸ் ஏன் வரவில்லை என்று டிரைவரைத் திட்டாதே. பதினைந்து நிமிஷத்துக்கு ஒன்று என்று டிப்போவில் சரியாகத்தான் விடுவான். முதல் வண்டி ஒரு சிக்னலில் ஐந்து நிமிஷம் மாட்டினால் போதும், அடுத்த ஸ்டாப்பில் ஆள் கூடிவிடும். ஏற்றி இறக்க இன்னும் நேரமாகும், அதற்கடுத்த ஸ்டாப்பில் இன்னும் ஆள் கூடும். பின்னால் வருகிறவனுக்கு ஏற்ற ஆளே இருக்காது. நிற்காமல் ஓடிவந்து முன்வண்டியின் முதுகில் ஒட்டிக்கொள்வான். அதனால்தான் நாற்பது நிமிஷம் ஒன்றும் வராமல், பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு வருகிறது. முன்னதில் படிக்கட்டு வரை தொங்குவார்கள், பின்னது காலியாக வரும். எப்போதும் பின்னதில் ஏறு. நீ ஸ்கூல் போகும்போதே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நாங்கள் ஜங்ஷனில் பின்வண்டியைப் பிடித்து நிறுத்திவிடுவோம். இடைவெளி விட்டுத்தான் அனுப்புவோம். உட்கார்ந்திருக்கிற சனம் என்னை ஏசும். அடுத்த ஸ்டாப்பில் நிற்கிறவனுக்காகத்தான் நிறுத்துகிறேன் என்று யாருக்கு விளக்கிச் சொல்ல? அங்கே இதைப் பார்க்க ஒரு ஆள் இருக்கிறானா என்றே எனக்குச் சந்தேகம். சென்னை ஒன் என்று 2025 செப்டம்பரில் ஒரு ஆப் விட்டிருக்கிறார்களாம், பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாமாம். டிக்கெட் ஒன்றாகிவிட்டது, சரி. வண்டி வரணுமே.

சித்திரையில் நான் வந்தபோது பார்த்தேனே. கிளாம்பாக்கத்தில் விடியுமுன் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டை 2023 டிசம்பர் கடைசியிலேயே திறந்துவிட்டார்கள். ரயில் தண்டவாளம் எதிரிலேயே போகிறது, ஆனால் திறக்கும்போது அங்கே ஸ்டேஷன் இல்லை. இப்படி ஒரு வரிசையை யார் போட்டது? பையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் தேடி அலைந்து நான் வேளச்சேரி வந்து சேர்வதற்குள் நீ லீவு சொல்லிவிட்டு விஜயநகர் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாய். அன்று மாலை அதே ஸ்டாப்பில் உன்னோடு நின்றபோதுதான் புரிந்தது. நிழற்குடை ஒரு பக்கம், பஸ் நிற்பது ஒரு பக்கம். நிழலில் யாரும் இல்லை. எல்லாரும் ரோட்டுக்குள் இறங்கி, கழுத்தை நீட்டி, வருகிற வண்டியின் நம்பரைப் பார்க்கிறார்கள். லைட் போர்டில் எழுத்து ஓடி முடிந்து நம்பர் தெரிவதற்குள் வண்டி நம்மைத் தாண்டிவிடுகிறது. வண்டி தள்ளிப் போய் நின்றதும் கூட்டம் மொத்தமும் ஓடுகிறது. செருப்பு கையில் இருந்தது உனக்கு. எப்போது கழற்றினாய் என்றே நான் கவனிக்கவில்லை. அந்த ஓட்டத்தில் பழகிய ஒரு தெளிவு இருந்தது, பெருமையாகவும் இருந்தது, வயிற்றைப் பிசையவும் செய்தது.

டீலக்ஸ் வந்தால் ஏறமாட்டேன், சாதா பஸ்தான் என்று ஒரே பிடிவாதம். 2021 மே மாதத்திலிருந்து உங்களுக்கு அதில் டிக்கெட் இல்லை என்பது எனக்கும் தெரியும். சில்லறைக் காசுக்குப் பார்த்து இருட்டும் வரை நிற்காதே என்று அன்றே சொன்னேன். தம்பி பீஸுக்கு அனுப்புகிற பணம் இப்படித்தான் சேர்கிறதா? நான் கேட்டேனா? சரி, கேட்டேன். அதற்காக இப்படி நிற்க வேண்டாம்.

முன்பெல்லாம் ஸ்டாப்பில் நின்றுகொண்டுதான் எனக்குப் போன் பண்ணுவாய். ஹாரன் சத்தத்துக்கு நடுவில், "வந்துருச்சுப்பா, வச்சிடறேன்" என்பாய். உடனே, "இல்லப்பா, இது 19" என்று மறுபடி ஆரம்பிப்பாய். மேனேஜரைத் திட்டுவாய், கேண்டீன் சாம்பாரைத் திட்டுவாய், பஸ்ஸைத் திட்டுவாய். பஸ் வராத நேரம்தான் எனக்குக் கிடைத்த நேரம். இப்போது ரூமுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கூப்பிடுகிறாய். சாப்பிட்டேன், தூங்கப் போறேன், வை.

நீ ஆறரைக்கு ஆபீஸை விட்டு இறங்குகிறாய். நாவலூர் ஸ்டாப்புக்கு நடை. பஸ் உடனே வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். சோழிங்கநல்லூர் சிக்னல், துரைப்பாக்கம், எஸ்.ஆர்.பி. டூல்ஸ், தரமணி, விஜயநகர், அங்கிருந்து ஹாஸ்டலுக்கு நடை. வேலையே இதுதானே எனக்கு, எப்படிக் கூட்டினாலும் எட்டேகாலுக்கு முன்னால் கணக்கு வரவில்லை. போன வருஷம் எட்டரைக்குத்தான் போய்ச் சேர்வாய். இப்போது ஏழரைக்கெல்லாம் ரூமில் இருக்கிறேன் என்கிறாய். பிள்ளை சீக்கிரம் வீடு வந்தால் எந்த அப்பனுக்குக் கசக்கும்? ஆனால் 570 வேகமாகிவிட்டது என்பதை மட்டும் நான் நம்ப மாட்டேன்.

ஆபீஸில் கேப் விட்டிருப்பார்கள் என்கிறாள் அம்மா. அவளுக்கு அது போதும், விட்டுவிட்டாள். பைக் டாக்ஸியாக இருந்தால், பின்னால் உட்காருகிறவர்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம், தெரியுமில்லையா? அவர்கள் கொடுக்கிறது தலைக்குச் சேராது. சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள். வாரை மாட்டு. மாட்டாத ஹெல்மெட் தொப்பிக்குச் சமம். துப்பட்டாவை மடித்து உட்கார்.

பறக்கும் ரயிலையே எடுத்துக்கொள். 1995-ல் சேப்பாக்கம், 1997-ல் மயிலாப்பூர், 2007-ல் வேளச்சேரி. அங்கிருந்து பரங்கிமலை 5 கிலோமீட்டர்தான். அதில் அரைக் கிலோமீட்டர் நிலத்துக்குக் கேஸ் நடந்து வருஷக்கணக்காகத் தூண்கள் சும்மா நின்றன. 2023 ஆகஸ்டில் நாலாவது பாதை போடுகிறோம், ஏழு மாதம்தான் என்று பீச்சுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவில் வண்டியை நிறுத்தினார்கள். திரும்ப விட 2024 அக்டோபர் கடைசி ஆனது. ஏன் சொல்கிறேன் என்றால், நீயும் போன பொங்கலுக்கு ஏதோ சொல்ல வந்து, "அப்புறம் சொல்றேன்பா" என்று போய்விட்டாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. ரயில்வேக்காரனாவது ஒரு மாதம் சொன்னான்.

நான் கோபமாக எழுதுவதாக நினைக்காதே. ஜங்ஷனில் தினம் எத்தனை ஆயிரம் பேரைப் பார்த்திருப்பேன். யார் யாரோடு வருகிறார்கள், யாருக்காக எந்த பஸ்ஸை விடுகிறார்கள் என்பதெல்லாம் டைம் கீப்பர் ரூம் ஜன்னலில் தெரியும். நான் யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவரவர் வண்டி அவரவருக்கு. மழைக்காலம், ரோட்டில் பள்ளம் தெரியாது, யார் ஓட்டினாலும் மெதுவாக ஓட்டச் சொல். ஹெல்மெட் வாங்கு.

இனி பொங்கல் டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். முன்பு 120 நாளுக்கு முன்னால் ரிசர்வேஷன் திறப்பார்கள், 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். காலை எட்டு மணிக்குத் திறந்தால் நெல்லை எக்ஸ்பிரஸ் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து நானே போட்டுவிடுகிறேன். உனக்கு மட்டுமா, கூட யாருக்காவது சேர்த்துப் போட வேண்டுமா என்பதை இப்போதே சொல். அதில் பேரும் வயசும் கேட்கும். எழுதி அனுப்பு. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா