பார்சல் வந்ததா, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. ராஜபாளையம் சித்தி மறுபடியும் அதே பேச்சை எடுத்தாள், நான் பிடி கொடுக்கவில்லை.

தீபாவளிக்கு அனுப்பிய பார்சல் ஸ்டுட்கார்ட்டில் டெலிவரி ஆகிவிட்டது என்று மாடி வீட்டுப் பையன் செல்போனில் பார்த்துச் சொன்னான். அதற்கே மூன்று வாரம் ஆகிறது. முறுக்கு நொறுங்கிவிட்டதா என்று அம்மா தினமும் கேட்கிறாள். எனக்கு ஒன்றும் இல்லை, அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு. உப்பு நார்த்தங்காயை ஈரக் கரண்டியால் எடுக்காதே.

மாதம் பிறந்தால் 1-ம் தேதி பணம் போட்டுவிடுகிறாய், ஒரு மாதம் தவறியதில்லை. எந்தப் பிள்ளை இப்படிச் செய்வான் என்று பஜாரில் நான்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பணம் ஏறியதும் பாங்கிலிருந்து ஒரு மெசேஜ் வரும். அவ்வளவுதான். அம்மாவுக்கு ஒரு சேலை, எனக்கு ஒரு துண்டு என்று நீ எடுத்து எத்தனை வருஷம் ஆயிற்று? கணக்குப் பார்க்கவில்லை, சும்மா கேட்கிறேன்.

பார்சல் போடப் போனபோது தபால் ஆபீசில் சுங்கப் படிவம் கொடுத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வேண்டாம், பால் சாமான் ஜெர்மனிக்குள் விடமாட்டார்கள் என்றார்கள், எடுத்து வைத்துவிட்டேன். 45 யூரோவுக்குள் என்றால் அன்பளிப்புக்கு அங்கே வரி இல்லையாம். அன்பளிப்பு என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பக்கத்திலேயே ‘மதிப்பு’ என்று ஒரு கட்டம். கடலை மிட்டாய்க்கு விலை தெரியும். அம்மா இரண்டு நாள் உட்கார்ந்து சுற்றிய முறுக்குக்கு என்ன போடுவது? பின்னால் ஆள் நின்றதால் 600 என்று எழுதிவிட்டேன். வீட்டில் வந்து சொன்னால், எண்ணெய்க்குக் காணுமா அது என்று அவளுக்குக் கோபம்.

அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் உன் வாட்ச் ஞாபகம் வந்துவிட்டது. முதல் சம்பளத்தில் எனக்கு வாங்கி வந்தாயே, அந்தக் கறுப்பு வார் வாட்ச். கையில் கட்டிக்கூடப் பார்க்காமல் நான் கேட்டது, “எவ்வளவு? பில் இருக்கா?” 3,400 ரூபாய். மறுநாளே கடையில் திருப்பிக் கொடுத்து, தபால் ஆபீசில் உன் பெயரில் 5 வருஷ டெபாசிட் போட்டேன். உன்னையே கூட்டிப் போய்க் கையெழுத்தும் வாங்கினேன். நீ ஒன்றும் பேசாமல் போட்டாய். வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது உன் முகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, டீ குடிக்கிறாயா என்று கேட்டேன்.

சிக்கனம் என்றுதான் அன்று நினைத்தேன். ஊரில் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். அதற்கப்புறம் நீ எனக்கு எதுவும் வாங்கவில்லை. இவ்வளவு காலம் அதை உன் குறையாகவே அம்மாவிடம் சொல்லி வந்திருக்கிறேன், தம்பி. பாஸ்புக் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.

இரண்டு வருஷமாக நீ வரவில்லை. சித்திரைக்காவது லீவு கேட்டுப் பார். வரும்போது ஒன்றும் வாங்காதே என்று எப்போதும்போல எழுத வந்தேன். இந்தத் தடவை எழுதவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. நார்த்தங்காய் ஞாபகம் இருக்கட்டும், ஈரம் பட்டால் பூத்துவிடும்.

அப்பா
கோவில்பட்டி