நடுக்கோடை வழிபாட்டுக்குக் கை கொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களே,

யோவான் ஸ்நானனின் பிறந்த திருநாளுக்கு முந்தின மாலை, ஜூன் 23 அன்று, கிறிஸ்தவர்களும், பேகன் வழியினர் என்று சொல்லப்படும் இயற்கை வழிபாட்டினரும் ஒரே தீயைச் சுற்றி நின்று கும்பிட்டோம். இதற்கு யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று யோசித்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. நேரில் சொன்னது போக, எல்லோரும் பார்க்கும்படி இங்கேயும் எழுதிவிடுகிறேன். யார் பெயரும் போடவில்லை. உங்களில் சிலர் வீட்டிலோ சபையிலோ இதைப் பற்றி இன்னும் பேசவில்லை, அவர்களைச் சங்கடத்தில் மாட்டிவிட வேண்டாம். யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, ஆரம்பக் கூட்டங்களில் ஒத்துக்கொள்ளாமல் வாதாடியவர்களுக்கு. இரண்டு மரபுகள் சேர்ந்து கும்பிடுவது என்றாலே, யாரையும் உறுத்தாததை மட்டும் பொறுக்கி எடுத்து, ஒளி, அன்பு, அமைதி என்று பொதுவாக நாலு வார்த்தை பேசிக் கலைவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அப்படி நடந்திருந்தால் யாருக்குமே அது வழிபாடாக இருந்திருக்காது. முதல் கூட்டத்திலேயே ஒரு அக்கா எழுந்து, “இயேசுவின் நாமத்தில் இல்லாமல் எனக்கு ஜெபிக்க வராது, ஆனால் நீங்கள் பூமித் தாயை அழைக்கும்போது மரியாதையாக நிற்பேன்” என்று சொன்னார். எதிரில் உட்கார்ந்திருந்த தம்பி, “சரி அக்கா, உங்கள் ஜெபத்துக்கு நானும் அப்படியே நிற்கிறேன்” என்றார். நாம் வைத்துக்கொண்ட ஒரே விதி அங்கேதான் பிறந்தது: அவரவர் தம் வார்த்தையை முழுசாகச் சொல்லலாம், அதைத் திருப்பிச் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. மற்ற எல்லாமே அதைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான், அதனால் உங்கள் இருவருக்கும் தனியாக ஒரு கும்பிடு.

தேதி விஷயத்தில் விட்டுக்கொடுத்தவர்களுக்கு அடுத்த நன்றி. இயற்கை வழியினருக்கு ஜூன் 21-ஐ ஒட்டி வரும் கதிர்த்திருப்ப நாள், அதாவது ஆண்டிலேயே பகல் மிக நீண்ட நாள்தான் முக்கியம், கிறிஸ்தவர்களுக்கோ யோவானின் நாளான ஜூன் 24. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று நாள்தான் இடைவெளி என்றாலும், அந்த நாளுக்காகவே ஆண்டு முழுக்கக் காத்திருப்பவரிடம் போய் “கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாமா” என்று கேட்பது லேசான காரியம் இல்லை. வானத்தைக் கவனிப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் நம் நண்பர்தான் வழி காட்டினார். அந்த நாட்களில் சூரியன் உதித்து மறையும் இடம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நகர்வதே இல்லை, அதோடு நாம் இருக்கும் அட்சரேகையில் சூரியன் ஆண்டிலேயே மிகத் தாமதமாக மறைவது கதிர்த்திருப்பத்துக்குச் சில நாட்கள் கழித்துத்தான் என்று ஒரு தாளில் வரைந்தே காட்டினார். ரோமானியரின் பழைய நாட்காட்டியில் கோடைத் திருப்பம் ஜூன் 24 என்றும், குளிர்காலத் திருப்பம் டிசம்பர் 25 என்றும் வைத்திருந்தார்கள், அடுத்த மாதத்தின் முதல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் இரண்டும் எட்டாம் நாள், எனவே யோவானின் நாளும் சூரியனின் கணக்கிலிருந்து வெகுதூரம் விலகியது இல்லை என்பதையும் அவர்தான் எடுத்துச் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் தேதியைப் பற்றிப் பேசவில்லை.

அப்புறம், நமக்கு வரலாறு சொன்ன ஆசிரியை. இரண்டு தரப்புக்கும் பிடிக்காததை இரண்டு தரப்பிடமும் சொல்லும் தைரியம் எல்லோருக்கும் வராது. “எங்கள் பண்டிகையைத் திருச்சபை பிடுங்கிக்கொண்டது” என்று ஒருவர் சொன்னபோது, இன்று இயற்கை வழியினர் கொண்டாடும் எட்டுப் பண்டிகை கொண்ட ஆண்டுச் சக்கரம் இந்த வடிவத்துக்கு வந்தது 1950களில்தான் என்றும், நடுக்கோடைக்கு அவர்கள் வைத்திருக்கும் ‘லிதா’ என்ற பெயரே பீட் என்ற துறவி 725-இல் எழுதிய நூலிலிருந்து, ஜூன், ஜூலை மாதங்களின் பழைய ஆங்கிலப் பெயராக நமக்குக் கிடைத்தது என்றும் பொறுமையாகச் சொன்னார். இந்தப் பக்கம் ஒருவர் “எங்களுடையது கலப்பில்லாதது” என்றபோது, 601-இல் போப் முதலாம் கிரெகோரி, இங்கிலாந்துக்கு ஊழியம் செய்யப் போன மெல்லிட்டஸ் என்ற துறவிக்கு எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டினார்: கோயில்களை இடிக்க வேண்டாம், சிலைகளை மட்டும் எடுத்துவிட்டுத் தண்ணீர் தெளித்து அங்கேயே வழிபடச் செய்யுங்கள் என்று அதில் இருக்கிறது. படித்து முடித்ததும் இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குப் பிறகுதான் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்துப் பேச ஆரம்பித்தோம் என்பது என் எண்ணம்.

வழிபாட்டின் நடுப்பகுதியை எழுதித் தந்த இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. கிழக்கே காற்று, தெற்கே நெருப்பு, மேற்கே நீர், வடக்கே மண் என்று நான்கு திசையையும் அழைத்து வட்டம் போடுவது பேகன் வழியில் வழக்கமான தொடக்கம். அசிசியின் பிரான்சிஸ் என்ற துறவி கண் பார்வை போய்க்கொண்டிருந்த நிலையில் 1225 வாக்கில் பாடிய சூரியத் துதியில் சகோதரன் காற்று, சகோதரி தண்ணீர், சகோதரன் நெருப்பு, எங்களைத் தாங்கும் பூமித் தாய் என்று அதே நான்கும் வருகின்றன. இதைக் கண்டுபிடித்ததோடு நிறுத்திக்கொள்ளாமல், திசைக்கு இரண்டு பேரை நிறுத்தினீர்களே, அங்கேதான் உங்கள் அருமை தெரிகிறது. ஒருவர் காற்றைப் பார்த்து “வா” என்று அழைத்தார். பக்கத்தில் நின்றவர் காற்றைப் படைத்தவரைப் பார்த்து “உமக்குத் துதி” என்றார். அழைப்பது வேறு, துதிப்பது வேறு. இரண்டையும் குழைத்து ஒரே வாக்கியமாக்கி விடாமல் தோளோடு தோள் நிற்க வைத்தீர்கள். வடக்கே வந்தபோது இருவருமே குனிந்து மண்ணைத் தொட்டார்கள், அது எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

திருவிருந்து, அதாவது இயேசுவின் நினைவாகக் கிறிஸ்தவர்கள் அப்பமும் ரசமும் வாங்கும் சடங்கு, வைக்க வேண்டாம் என்று முடிவெடுத்த போதகருக்கும் நன்றி. அது உங்களுக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும், கேட்டவர்களும் நிறையப் பேர். ஆனால் வட்டத்தில் பாதிப் பேர் வாங்க முடியாத ஒன்றை வட்டத்தின் நடுவில் வைப்பது விருந்தாளியைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு உள்ளே இலை போடுவது மாதிரி என்றீர்கள். பதிலுக்கு அப்பத்தை ஆசீர்வதித்து வெறும் அப்பமாகவே எல்லோரும் பிட்டுக்கொண்டோம். திருவிருந்து வேண்டும் என்றவர்கள் மறுநாள் காலை யோவான் நாள் ஆராதனைக்கு வந்து வாங்கிக்கொண்டார்கள், இயற்கை வழியினர் சிலரும் அன்று கூட வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்தது எனக்கு ரொம்ப சந்தோஷம்.

மூலிகைகள் பறித்து வந்த பாட்டிக்கும் பேத்திக்கும்: மஞ்சள் பூக்கள் நிறைந்த அந்தக் கூடை இல்லாமல் அந்த மாலையை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. யோவானின் பெயரைத் தாங்கிய, ஆங்கிலத்தில் ‘செயின்ட் ஜான்ஸ் வோர்ட்’ எனப்படும் அந்தச் செடியின் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசியால் குத்தின மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, மொட்டை விரலால் நசுக்கினால் மஞ்சள் பூவிலிருந்து சிவப்புச் சாறு வருகிறது. அந்தச் சிவப்பை யோவானின் இரத்தம் என்று பழைய ஆட்கள் சொன்னதைப் பேத்தி எல்லோரிடமும் போய்ச் சொல்லி, விரலை விரித்துக் காட்டிக்கொண்டே சுற்றி வந்தாள். கூடவே நம் செவிலியர் அக்காவுக்குப் பெரிய நன்றி. அதைத் தேநீராகப் போட்டுக் கொடுக்கலாம் என்று பேச்சு எழுந்தபோது, கண்டிப்பாகக் கூடாது என்று தடுத்தவர் அவர். மனச்சோர்வு மருந்து, கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மருந்து என்று பலவற்றோடு அது மோதும், சில மருந்துகளின் வேலையையே குறைத்துவிடும், யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். பூ கழுத்து மாலையோடும் தலை வளையத்தோடும் நின்றது. இயற்கையைக் கும்பிடுகிறவர்களுக்கு அதன் வீரியத்தைப் பற்றிய பயமும் இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன், அதை அன்று செய்து காட்டியவர் அவர்தான்.

தீயைப் பார்த்துக்கொண்ட அண்ணன்மாருக்கும் நன்றி. புல் காய்ந்திருந்ததால் தரையில் மூட்டாமல் இரும்புத் தட்டத்தில் மூட்டியது, சிறு பிராணிகள் குடிபுகுந்துவிடும் என்று விறகை முந்தின நாளே அடுக்காமல் அன்றைக்கே அடுக்கியது, தண்ணீர் வாளிகளோடு கடைசிவரை நின்றது, எதையும் மறக்கவில்லை. நிலத்தைக் கொடுத்த குடும்பத்தாருக்கும் நன்றி. வேறொரு இடம் கடைசி நேரத்தில் கைவிட்டுப் போனபோது ஒரு கேள்வி கூடக் கேட்காமல் வாயிற்கதவைத் திறந்துவிட்டீர்கள்.

இப்போது சொல்லப்போவதைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க எனக்கு மனசு வராது. தீ ஏற்றியதும் யாரும் பேசாமல் நிற்பது, பிறகு லூக்கா முதல் அதிகாரத்திலிருந்து சகரியாவின் பாடலை வாசிப்பது என்று ஏற்பாடு. யோவானின் தகப்பன் சகரியா, தேவதூதன் சொன்னதை நம்பாததால் வாய் பேச முடியாமல் போனவர். பிள்ளைக்குப் பேர் வைக்கும் நாளில் பலகையில் “இவன் பேர் யோவான்” என்று எழுதினார், உடனே அவர் நாவு கட்டவிழ்ந்தது. பக்கவாதம் வந்து பேச்சு இன்னும் முழுசாகத் திரும்பாத நம் பெரியவர் அந்த வாசிப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று நின்று வாசித்தார். “உன்னதத்திலிருந்து தோன்றிய அருணோதயம்” என்ற இடத்தில் அருணோதயம் அவர் வாயில் வர மறுத்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தோம், அவராகவே சொல்லி முடித்தார். அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்த, பைபிளைக் கையால் தொட்டதே இல்லை என்று சொல்லும் தம்பிதான் முதலில் “ஆமென்” என்றான். ஐயா, நீங்கள் எங்களுக்குச் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கடைசியாகப் பேசிய பேகன் வழி அம்மாவுக்கும் நன்றி. இந்த நாளிலிருந்து பகல் குறையத் தொடங்குகிறது, உச்சியில் நிற்கும்போதே இறங்கவும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் சொன்னதும், போதகர் “அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்” என்ற யோவானின் வார்த்தையை எடுத்தார். யோவான் பிறந்ததும் பகல் குறைகிறது, கிறிஸ்து பிறந்ததும் பகல் வளர்கிறது என்று பழைய திருச்சபை ஆயர் அகஸ்தீன் அந்த வார்த்தையை வைத்தே பிரசங்கம் செய்திருக்கிறார். நீங்கள் இருவரும் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

வராமல் இருந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனசாட்சி இடம் கொடுக்கவில்லை, ஆனால் உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்று எழுதினீர்கள். அதை நான் மனப்பூர்வமாக ஏற்றுக்கொள்கிறேன், உங்கள் மறுப்பை அவ்வளவு கண்ணியமாகச் சொன்னதற்கு நன்றி.

நாற்காலி தூக்கியவர்கள், நடக்க முடியாதவர்களுக்காகப் புல்மேல் பலகை போட்டவர்கள், சாம்பல் ஆறும்வரை இருந்து அள்ளியவர்கள், குழந்தைகளைத் தீப்பக்கம் விடாமல் கட்டி மேய்த்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. வழிபாட்டு முறையின் பிரதி வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள், கேட்கிற எல்லோருக்கும் அனுப்புகிறேன், உங்கள் இடத்துக்கும் ஆட்களுக்கும் ஏற்ற மாதிரி தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள். டிசம்பரில் குளிர்காலத் திருப்பத்துக்கு என்ன செய்யலாம் என்று பேச அடுத்த மாதம் கூடுகிறோம். போன முறை வாதாடியவர்கள் கட்டாயம் வர வேண்டும்.

அன்போடும் நன்றியோடும்,
ஏற்பாட்டுக் குழுவின் சார்பில்